ஒதில் ஒட்ட மறுத்த சிவப்புப் பட்டை

பாரிஸிலிருந்து வெகு தூரத்திலுள்ள லான்வெனெக் என்ற கடலோர ஊரில், 1974ஆம் வருடம் அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒதில் காதியூ தன் சொந்த ஆலையின் பிஸ்கட்டை வாழ்க்கையில் முதல் முறையாகத் துப்பினாள்.

சொந்த ஆலை என்றால் அவளுக்கு அதில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. பதினேழு வயதில் உள்ளே போனவள். அப்போது நாற்பத்து மூன்று. இருபத்தாறு வருடம் ஒரே கூடம், ஒரே மேஜை. கெர்ஸாலெக் ஆலை என்று ஊரே சொல்லும். அவள் மட்டும் 'எங்க ஆலை' என்பாள். அங்கே செய்ததெல்லாம் ஒன்றுதான். வெண்ணெய் சப்லே. மாவு, சர்க்கரை, முட்டை மஞ்சள் கரு, உப்புப் போட்ட வெண்ணெய். மேலே மஞ்சள் கரு தடவி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்து, சூளையில் விடுவார்கள். சப்லே என்ற சொல்லுக்கே மணல் போன்றது என்றுதான் பொருள். உடைத்தால் 'டக்'கென்று ஒரு சத்தம் வர வேண்டும். வாயில் வைத்ததும் ஈர மணல் காய்ந்து உதிர்வதுபோல உதிர வேண்டும். விரலில் மணம் நிற்க வேண்டும்.

உடைந்துபோன பிஸ்கட்டுகளைச் சனிக்கிழமை மதியம் பெண்களுக்குப் பொட்டலமாகக் கொடுப்பது ஆலையின் வழக்கம். அன்றைக்கு வீட்டில் கிண்ணம் நிறையக் காப்பி ஊற்றிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். எழுந்து போய்த் தொட்டியில் துப்பிவிட்டு வந்தாள்.

அவள் கணவன் ஃபாஞ்ச் கடலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான். சிங்கிறால் பிடிக்கும் படகில் வேலை. காலுறையைக் கழற்றியபடியே சிரித்தான்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா? போன வாரம் படகுக்கு ஒரு பொட்டலம் கொடுத்து விட்டியே, அஞ்சு பேர்ல ஒருத்தன்கூட ரெண்டாவது துண்டு எடுக்கல. எஞ்சினுக்குத் தடவுற கிரீஸ் மாதிரி அண்ணத்துல ஒட்டுது."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ என்னைக் கொன்னுடுவ. உன் பிஸ்கட்டைக் குறை சொல்லிட்டு இந்த ஊர்ல எவன் உசுரோட இருந்திருக்கான்?"

ஒதில் சிரிக்கவில்லை. அவள் பிறந்தது பதினோரு மாடுகள் உள்ள ஒரு பண்ணையில். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. எட்டு வயதிலிருந்து வெண்ணெய் கடைந்தவள். மாடு எந்த மேட்டில் மேய்ந்தது என்று வெண்ணெயின் நிறத்தை வைத்தே சொல்லுவாள். அப்படிப்பட்டவள், எட்டு மாதமாகத் தன் கைவழியாகப் போன பொருளில் வெண்ணெய் இல்லை என்பதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறாள். ஏன் என்றால் அவள் பிஸ்கட்டைப் பார்ப்பதே இல்லை. பட்டை சுற்றும் சுற்றுக் கூடத்தில் மூடிய தகர டப்பாக்கள்தான் அவளிடம் வரும். அவற்றைச் சுற்றி ஒரு சிவப்புக் காகிதப் பட்டையை ஒட்டுவது அவள் வேலை. பட்டையில் தங்க எழுத்தில் இருக்கும்: 'தூய வெண்ணெயில் செய்தது'. கடந்த பல மாதங்களாக உடைசலை அக்கா பிள்ளைகளுக்கும் படகுக்குமே கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஏன் நன்றி சொல்வதை நிறுத்தினார்கள் என்பது இப்போது விளங்கியது.

ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் பட்டை. எத்தனை மாதமோ. இத்தனை பொய்யையும் தன் விரல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குக் காதுமடல் சுட்டது.

திங்கட்கிழமை காலை மாவு பிசையும் கூடத்துக்குப் போனாள். ஜோப் அங்கே முப்பது வருடமாக மாவு பிசைகிறவன். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஜோப், என் முகத்தைப் பாரு. மாவுல என்னத்தப் போடுற?"

"போடச் சொன்னதைப் போடுறேன்."

"வெண்ணெய் எங்கே?"

அவன் மூலையைக் காட்டினான். பழுப்பு அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மேலே ஒரு எண்ணும் 'தாவரக் கொழுப்பு' என்ற முத்திரையும். மார்கரின். வெள்ளைக் களிமண் மாதிரி ஒரு வனஸ்பதி.

"பிப்ரவரி முடிஞ்சதும் வந்துச்சு. வாசனைக்குன்னு ஒரு சின்ன பாட்டில், நிறத்துக்குன்னு ஒரு பொடி. வெளிய சொன்னா வேலை போயிடும்னு முசியே தெல்மாஸ் சொன்னார். பென்ஷனுக்கு எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு ஒதில். என்னை விட்டுடு."

தெல்மாஸ் புதிய மேலாளர்; ஊரே அவரை 'முசியே', ஐயா, என்றுதான் கூப்பிடும். ஆலை முதலாளியான கிழவர் கெர்ஸாலெக் செத்ததும் பிள்ளைகள் ஆலையைப் பாரிஸிலுள்ள ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனி அனுப்பிய ஆள். நல்ல மரியாதைக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒதில் கதவைத் தட்டாமல் நுழைந்தபோதும் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"முசியே, டப்பால வெண்ணெய்னு எழுதியிருக்கு. உள்ள வெண்ணெய் இல்ல."

"கொஞ்சம் இருக்கு மதாம் காதியூ. நூத்துக்கு மூணு."

"அப்ப பட்டையில அதை எழுதுங்க. நூத்துக்கு மூணுன்னு."

அவர் பொறுமையாகச் சிரித்தார். "உங்களுக்குப் புரியாது. லியோன், லீல் மாதிரிப் பெரிய ஊர்ல இருக்கிறவங்க டப்பாவைப் பார்த்துத்தான் வாங்கறாங்க. கலங்கரை விளக்குப் படம், கடல், மாடு, லேஸ் தொப்பி போட்ட பொண்ணு. பாரம்பரியம்ங்கறது டப்பால இருக்கு மதாம். உள்ள என்ன இருக்குன்னு எவனும் கேக்கறதில்ல."

"நான் கேக்கறேனே."

"நீங்க வாங்கறதில்லையே. உங்களுக்கு உடைசல் சும்மாதானே கிடைக்குது?"

அந்தச் சொல்தான் அவளைக் கிளப்பிவிட்டது. சும்மா கிடைப்பதைத் தின்கிறவளுக்கு நாக்கு கிடையாது என்று ஒருவன் நாற்காலியைக் காட்டிச் சொல்ல வந்திருக்கிறான்! வெண்ணெயைத் திருடியது ஒரு குற்றம். திருட்டைக் கண்டுபிடித்தவளைப் பிச்சைக்காரி ஆக்கியது அதைவிடப் பெரிய குற்றம் என்று அவளுக்குப் பட்டது.

மேஜைக்குத் திரும்பியவள் பட்டையைக் கையில் எடுக்கவில்லை. டப்பாக்கள் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்தன. ஒவ்வொன்றையும் மொட்டையாகவே அடுத்தவளிடம் தள்ளினாள்.

கூடத்துக்கு மேற்பார்வை அர்மெல். ஒதிலோடு ஒரே வருடம் ஆலைக்கு வந்தவள், ஒதிலின் கல்யாணத்தில் பக்கத்தில் நின்றவள். ஓடிவந்தாள்.

"என்னடி பண்ற? பட்டை எங்கடி?"

"அந்தா கிடக்கு. பொய் சொல்லணும்னு ஆசைப்படுறவங்க எடுத்து ஒட்டிக்கட்டும்."

"உனக்குப் பைத்தியமா? மேல இருந்து பாக்கறாங்கடி."

"பாக்கட்டும். பார்க்கத்தானே சம்பளம் வாங்கறாங்க."

மறுநாளே அவளைத் தட்டு கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். சுடு நீரும் சலவைச் சோடாவும் விரல் தோலை உரித்தன. ஒதில் கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உணவுக் கலப்படத்தைப் பார்க்கிற அதிகாரிகளுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். பள்ளியில் இலக்கணத்துக்கு அடி வாங்கியவள்தான்; ஆனாலும் அந்தக் கடிதத்தில் சுற்றி வளைத்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

ஆய்வாளர் ஒருவர் நவம்பரில் வந்தார். வந்தவர் நேராக ஆலைக்குள் போயிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஊர்ச் சதுக்கத்தில் காரை நிறுத்தி வழி கேட்டதுதான் வினையாகப் போயிற்று. லான்வெனெக் மேயர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு வாய் சாப்பிடாமல் போவதா? சிப்பி வந்தது, மீன் வந்தது, ஆப்பிள் சாராயம் வந்தது. இரண்டரை மணிநேரம். அதற்குள் ஆலைக்குச் சேதி போய், பக்கத்து ஊரிலிருந்து ஒரு வேன் பின்வாசலில் வந்து நின்றது. கட்டி கட்டியாக வெண்ணெய் இறங்கியது. பழுப்புப் பெட்டிகள் கொட்டகைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. ஜோப் எட்டு மாதத்துக்குப் பிறகு வெண்ணெயைத் தொட்டான். தொட்டபோது அழுதான் என்று பின்னால் அவனே சொன்னான்.

ஆய்வாளர் வந்து மாவைப் பார்த்தார், மாதிரி எடுத்தார். தட்டு கழுவும் இடத்தைக் கடந்தபோது ஒதில் ஈரக் கையோடு குறுக்கே நின்றாள்.

"ஐயா, அந்தக் கொட்டகையத் திறக்கச் சொல்லுங்க."

"சாவி தச்சன்கிட்ட இருக்கு, அவன் லீவு" என்றார் தெல்மாஸ்.

ஆய்வாளர் கொட்டகையைப் பார்த்தார். ஒதிலின் கையைப் பார்த்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலை ஒதில் சமையலறையில் நாற்காலியைக் காலால் உதைத்தாள். "தின்னுட்டுப் போயிட்டான்! சிப்பியத் தின்னுட்டு வாயத் தொடச்சுட்டுப் போயிட்டான்!"

ஃபாஞ்ச் நாற்காலியை எடுத்து நிறுத்தினான். "அவன் தின்னா என்ன? இந்த ஊர்ல நாக்கு உள்ளவன் வேற எவனும் இல்லையா?"

அந்தப் பேச்சிலிருந்துதான் அவளுக்கு வழி கிடைத்தது. செவ்வாய்க்கிழமை சந்தை நாள். அவளுக்கு அன்று மதியத்துக்குமேல்தான் வேலை. காலையில் மாதா கோயில் பக்கமாக, மீன் கடைக்கும் முட்டைக்காரிக்கும் நடுவில் ஒரு மடக்கு மேஜையைப் போட்டாள். இரண்டு தட்டு. ஒன்றில் அவள் தன் அடுப்பில் சுட்ட சப்லே. மற்றதில் கடையில் டப்பா வாங்கிப் பிரித்துக் கொட்டியது. சிவப்புப் பட்டையை இரண்டு தட்டுக்கும் நடுவில் எல்லாருக்கும் தெரியும்படி விரித்து வைத்தாள்.

"எது எங்கன்னு நான் சொல்லமாட்டேன். எடுங்க, உடைங்க, தின்னுங்க. அப்புறம் இந்தப் பட்டையப் படிங்க."

முதலில் கேலிதான். "ஒதில், கடை போட்டுட்டியா? எனக்கு ஒரு காப்பியும் சேர்த்துக் கொடு" என்றான் கசாப்புக்காரன். எடுத்து உடைத்தான். ஒன்று 'டக்'கென்றது. மற்றது சத்தமில்லாமல் நைந்தது. அவன் சிரிப்பு நின்றது. ஒரு மணிநேரத்தில் மேஜையைச் சுற்றி மீன் வாங்க வந்தவர்களெல்லாம் நின்றார்கள். பதினைந்து பசு வைத்திருக்கும் த்ரெஃபீன் என்ற பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டாள்; போட்டதும் முகம் சிவந்தது.

"மார்ச்லேருந்து எங்க பால் சங்கத்து வெண்ணெய வாங்கறத நிறுத்திட்டாங்க. ஏன்னு கேட்டா, சனங்க பிஸ்கட் திங்கறதக் குறைச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. நாங்களும் முட்டாளுங்க மாதிரி நம்பி, ரெண்டு பசுவ வித்தோம்! அந்த டப்பாமேல இருக்கற மாடு யாருதுடி? எம் மாடா? அது என்ன, வனஸ்பதி கறக்குதா?"

சந்தையே அதிர்ந்தது. முட்டைக்காரி மேஜையில் ஓங்கி அடித்ததில் அவள் சொந்த முட்டைகளே நாலைந்து உடைந்தன.

புதன்கிழமை காலை வாசலிலேயே ஒதிலைத் தடுத்து ஒரு உறையைக் கையில் கொடுத்தார்கள். ஆலையின் நற்பெயரைக் கெடுத்ததற்காக வேலைநீக்கம். நற்பெயர்! அந்தப் பெயரை ஒட்டி ஒட்டி வளர்த்தவளே அவள்தான்.

அதைவிட வலித்தது அன்று மாலை அர்மெல் வந்து பேசியது. சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"எங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே ஒதில். நாப்பத்தோரு பேருடி. என் வீட்டுக்காரருக்கு இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு. ஆலைய மூடிட்டாங்கன்னா நான் என்ன, உன் வெண்ணெயக் கரைச்சுக் குடிக்கறதா?"

"திருடினவன விட்டுட்டு என்னைத் திட்டற."

"நீதான் கண்ணுக்கு முன்னால இருக்க. பாரிஸ்காரன் எங்க இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஒதில் அழவில்லை. ஆனால் இரண்டு வாரம் தெருவில் இறங்கவில்லை. மீன் வாங்கவும் ஃபாஞ்ச்தான் போனான்.

அந்த ஆய்வாளரைப் பற்றி அவள் நினைத்தது தப்பு. மேயர் வீட்டுச் சிப்பியைத் தின்றாரே தவிர, அவர் அதற்கு விலைபோகவில்லை. திரும்பும் வழியில் மூன்று ஊர்களில், மூன்று கடைகளில் டப்பா வாங்கிக்கொண்டு போய்ச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். ஜனவரியில் முடிவு வந்தது. கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள். 'தூய வெண்ணெய்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்கள். கம்பெனியும் உடனே எடுத்தது. அதே சிவப்பில், அதே தங்க எழுத்தில் புதுப் பட்டை அடித்தது: 'வெண்ணெய் நாட்டின் பாரம்பரியச் சுவை'. வெண்ணெய் நாடு என்றுதானே சொன்னோம், வெண்ணெய் என்று சொன்னோமா? சட்டம் தலையை ஆட்டிவிட்டுப் போயிற்று. உள்ளே அதே வனஸ்பதி.

இத்தனை வெட்கங்கெட்டதனத்துக்கும் மேலே ஒன்று செய்தார்கள். புதுப் பட்டைக்கு விளம்பரம் வேண்டும் என்று பாரிஸிலிருந்து ஒரு புகைப்படக்காரனை வரவழைத்தார்கள். சுற்றுக் கூடத்துப் பெண்களெல்லாம் லேஸ் தொப்பி போட்டு, மரத் தாழியைச் சுற்றி நின்று, வெண்ணெய் கடைவதுபோல் சிரிக்க வேண்டும். தொப்பிகளை அவனே ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தான். அடுத்த சீமைப் பெண்கள் வைக்கிற, முழ உயரத் தொப்பி. லான்வெனெக்கில் எவளும் தலையில் வைத்ததில்லை.

"இது எங்க ஊர்த் தொப்பி இல்லையே" என்றாள் அர்மெல்.

"பரவாயில்ல மதாம், படத்துல இதுதான் நல்லாத் தெரியும்" என்றான் அவன்.

அர்மெல் தலையில் வைத்துக்கொண்டாள். அவள் அம்மாவின் தொப்பி, சின்னதாக, கஞ்சி போட்டு, வீட்டு அலமாரியில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. அம்மாவைப் புதைத்த நாளுக்குப் பிறகு அவள் அந்தப் பெட்டியைத் திறந்ததில்லை. கடைகோலைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தாள். தாழிக்குள் எட்டிப் பார்த்தாள். பழுப்புப் பெட்டிக் கொழுப்பைக் கொட்டி, மேலே மஞ்சள் பொடி தூவி வைத்திருந்தார்கள்.

"சிரிங்க மதாம்" என்றான் படக்காரன்.

அர்மெல் தாழியை ஒரே தள்ளாகத் தள்ளினாள். அது உருண்டு போய் முசியே தெல்மாஸின் காலணிமேல் கவிழ்ந்தது.

"எங்கம்மா இதுல கடைஞ்ச வெண்ணெயத் தின்னு வளர்ந்தவ நான். இந்தச் சனியனுக்குப் பக்கத்துல நின்னு பல்லக் காட்டணுமா? அந்த ஒதில் ஒருத்திதான்டி நம்மள்ல மனுஷி. நாம எல்லாம் பொம்மைங்க!"

கடைசி இரண்டு வாக்கியமும் கூடத்துப் பெண்களுக்குச் சொன்னது. நாற்பத்தோரு பேரும் அப்படியே வெளியே வந்தார்கள். தொப்பியைக் கழற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஒதில் ஜன்னலோரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தெருவளைவில் வேற்றூர்த் தொப்பிகள் ஆடி ஆடி வருவதைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் சாவு என்று நினைத்தாள். முன்னால் வந்தவள் அர்மெல் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மாசமா வாயப் பொத்திக்கிட்டு இருக்கியாமே, உனக்கு உடம்புக்கு முடியலையா?" என்றாள் அர்மெல்.

"நீதானடி பொத்தச் சொன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன். கிளம்பு."

ஒன்பது நாள் ஆலை நின்றது. த்ரெஃபீனும் மற்றப் பண்ணைக்காரர்களும் டிராக்டரை வாசலில் குறுக்கே போட்டுவிட்டு, பெண்களுக்குப் பாலும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். ஜோப் மூன்றாம் நாள் வெளியே வந்து அவர்களோடு உட்கார்ந்தான். பத்தாம் நாள் பாரிஸிலிருந்து ஒரு ஆள் வந்து பேசினார். ஒதிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வெண்ணெயும் திரும்ப வந்தது.

வந்தது. ஆனால் எப்படி வந்தது என்று கேட்டால்தான் ஒதிலுக்கு இன்றைக்கும் மூச்சு வாங்கும். ஆலையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் நிஜமான வெண்ணெய் சப்லே. 'உயர்ந்த ரகம்' என்று பெயரிட்டு இரண்டு மடங்கு விலை வைத்து, கோடையில் வருகிற விருந்தாளிகளுக்கும் பாரிஸ் கடைகளுக்கும் அனுப்பினார்கள். மறுபக்கம் அதே வனஸ்பதி, அதே 'பாரம்பரியச் சுவை'. லான்வெனெக்கில் மீன்காரியும் கசாப்புக்காரனும் வாங்க முடிந்தது அதைத்தான். இந்த ஊர்ப் புல்லைத் தின்ற மாட்டின் வெண்ணெய், இந்த ஊர்ப் பெண்கள் சுட்ட பிஸ்கட், இந்த ஊரில் மட்டும் கிடைக்காது!

"ஜெயிச்சுட்டோம்டி" என்று அர்மெல் கட்டிக்கொண்டபோது ஒதில் சொன்னாள்: "பாதிதான். மீதிப் பாதிய நம்ம தலையிலயே கட்டிட்டாங்க."

வெண்ணெய்ப் பக்கத்து மேஜையில் இன்னும் பதினேழு வருடம் பட்டை ஒட்டினாள். ஒவ்வொரு காலையும் ஒரு டப்பாவைத் திறந்து, ஒன்றை உடைத்துத் தின்ற பிறகுதான் முதல் பட்டையை எடுப்பாள். மேற்பார்வைக்கு வந்த புதிய ஆட்கள் கேட்டால், "சரிபார்க்கறேன். நீயும் ஒண்ணு எடு" என்பாள். யாரும் தடுக்கவில்லை.

இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டாள். ஃபாஞ்ச் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். வியாழக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய கடைக்குப் போவாள். பிஸ்கட் அடுக்கின் முன்னால் நின்று, கலங்கரை விளக்கும் கடலும் லேஸ் தொப்பியும் அச்சடித்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பாள். பின்பக்கம் முன்னால் வரும்படி. அங்கேதானே பொடி எழுத்தில் உண்மை இருக்கிறது. பக்கத்தில் யாராவது கை நீட்டினால் உரக்கப் படித்தும் காட்டுவாள்: "பாமாயில். நிறமூட்டி. வாசனைப் பொருள். வெண்ணெய், நூத்துக்கு ரெண்டு. மூணுகூட இல்ல பாருங்க!"

போன மாதம் கடை மேலாளர் வந்தார். ஐம்பது வயதுக்காரர், தலை நரைத்தவர், நல்ல மரியாதைக்காரர்.

"மதாம் காதியூ, வாடிக்கைக்காரங்க சங்கடப்படறாங்க. தயவுபண்ணி வெளிய போயிடுங்க."

"சங்கடம் அவங்களுக்கா, உங்களுக்கா?"

"மதாம்…"

"போறேன். நிக்கறதுக்கு எனக்கும் கால் வலிக்குது. பையில வச்சிருக்கற அந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, இந்த டப்பாவோட முதுகுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. அடுத்த நிமிஷம் போயிடறேன்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒதில் டப்பாவை நீட்டியபடியே நின்றாள். வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பக்கமும் நின்றுவிட்டார்கள். கடைசியில் மனிதர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார்.